ஒரு சொல்லும் அதன் வழக்கும்

நுழையும்முன்

'வழக்கு' என்னும் தமிழ்ச்சொல் இரு பொருள் தருவது. மக்கள் ஒரு சொல்லை வழங்கும் முறைக்கும் வழக்கு என்றே பெயர். நீதிமன்றத்தில் நடைபெறுவதற்கும் வழக்கு என்றே பெயர். ஆங்கிலத்தில் 'டிஸ்அஃபெக்ஷன்' என்றொரு சொல் உண்டு. அதிருப்தி, மனக்கசப்பு, பற்று நீங்குதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். இவ்வதிருப்தியைப் பிறர் மனத்தில் உண்டாக்குவதே குற்றம் என்று நம் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆகவே, அச்சொல்லின் சரியான பொருள் யாது என்னும் வினா, புலவர் அவையிலிருந்து நீதிமன்றத்திற்குச் சென்றது. 1908ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் இருவருடைய வாழ்க்கை அவ்வினாவின் விடையைச் சார்ந்து நின்றது.

மனம் விட்டுப்போதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள வேளாண்மை ஊர் மகாராஜபுரம். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அதற்கு அண்மையிலுள்ள நகரங்கள். கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் இத்தகைய ஊர் ஒன்றில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோயிற்று என வைத்துக்கொள்வோம். அவ்வூர் உழவர் ஒருவர் முதலாண்டில் "எங்களுக்கு ஒரு குறை இருக்கு" என்று மனுக் கொடுப்பார். மறு ஆண்டும் கால்வாய் அப்படியே கிடந்தால் அக்குறை வருத்தமாகும். கேட்டவர்க்குச் செய்து தனக்குச் செய்யவில்லை என்று அறிந்தால், அவ்வருத்தம் மனத்தாங்கலாக மாறும். பலமுறை அலைந்தபின் "சடைவா இருக்கு" என்பார். அதன்பின் ஒருநாள், மனு எழுதித் தர வந்தவரிடம், "வேண்டாம் தம்பி, மனசே விட்டுப்போச்சு" என்று கூறிவிட்டு எழுந்து செல்வார்.

குறை, வருத்தம், மனத்தாங்கல், சடைவு ஆகிய நான்கிலும் உறவு இருக்கிறது. குறை சொல்பவர் அதைக் கேட்பார் ஒருவர் உண்டு என்று நம்புகிறார். 'மனசு விட்டுப்போச்சு' என்னும் நிலையில் அந்நம்பிக்கை இல்லை. அவர் கோபம் கொள்ளவில்லை. கையில் கல் எடுக்கவுமில்லை. முன்பு பற்றியிருந்த ஒன்றிலிருந்து மனம் தானே கழன்றுகொண்டது. 'உறவு விட்டுப்போச்சு' என்னும் பேச்சுவழக்கிலும் இதே 'விடுதல்' வருவதைக் காணலாம்.

ஆங்கிலத்தில் 'டிஸ்அஃபெக்ட்' என்னும் வினைச்சொல் குறிப்பது ஏறக்குறைய இந்நிலையையே. ஒருவரை அந்நிலைக்கு ஆளாக்குதல் என்பது அவ்வினையின் பொருள். அந்நிலையின் பெயர் 'டிஸ்அஃபெக்ஷன்'.

சொற்களின் தரவேறுபாடு

பிறரை மகிழ்வற்றவராக்கும் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் பல வினைகள் உள்ளன. 'டிஸ்சாட்டிஸ்ஃபை' என்பது எதிர்பார்த்த அளவு நிறைவு தாராமையைக் குறிக்கும். உணவகத்தில் வாங்கிய சாப்பாடு ஒருவருக்கு அந்நிலையைத் தரலாம். 'டிஸ்பிளீஸ்' என்பது விருப்பத்திற்கு மாறாக நடந்து ஒருவரைச் சினமூட்டுதல். மேலதிகாரி, பெற்றோர், ஆசிரியர் முதலியோர்க்கு எதிரே வருவது. 'டிஸ்கன்டென்ட்' என்பது உள்ளதைக்கொண்டு அமைதியடையா மனநிலை. இவை அனைத்தும் ஒருநாளில் தோன்றி மறுநாளில் மறையலாம்.

'டிஸ்அஃபெக்ட்' அவ்வாறன்று. அதற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, காலம், ஒரு தாமதமோ ஒரு தவறோ எவரையும் அந்நிலைக்குக் கொண்டுசெல்வதில்லை. மற்றொன்று, முன்பிருந்த பற்று. அயலூர்க்காரர் ஒருவர் பேருந்து தாமதமானதற்காகச் சலித்துக்கொள்ளலாம். அவர் அவ்வூரிடம் 'டிஸ்அஃபெக்டெட்' ஆக இயலாது. ஒரு கட்சியின் நெடுநாள் தொண்டர், ஒரு படையின் வீரர், ஒரு நிறுவனத்தின் பழைய ஊழியர், ஓர் அரசின் குடிமக்கள் ஆகியோரைப் பற்றிப் பேசும்போதே அச்சொல் பொருந்தும். இக்காலத்து ஆங்கில இதழ்களில் வாக்காளர்களையும் இளைஞர்களையும் பற்றிய கட்டுரைகளில் அது மிகுதியாக வருவதற்கு இதுவே காரணம். வினைமுற்றாக வருவதைவிட, பற்று நீங்கிய மக்களைக் குறிக்கும் பெயரடையாகவே அது பெரிதும் ஆளப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

'டிஸ்கிரன்டில்' என்னும் வினையும் அதிருப்திக்கு உள்ளாக்குதலைக் குறிப்பதே. இதன் அடிச்சொல்லாகிய 'கிரன்டில்' பழைய ஆங்கிலப் பேச்சில் முணுமுணுத்தலைக் குறித்தது. முன்னொட்டாகிய 'டிஸ்' இங்கு எதிர்மறைப் பொருளைத் தரவில்லை. முணுமுணுப்பை மிகுவிக்கவே வந்துள்ளது. ஒரே முன்னொட்டு ஒரு சொல்லில் எதிர்மறையாகவும் மற்றொரு சொல்லில் மிகுதியாகவும் வரும் என்பதை இதனால் அறியலாம்.

ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் இச்சொல் வழங்கி வருகிறது. உடல்நலக் குறைவைக் குறிக்கவும் அக்கால ஆங்கிலேயர் அதனை ஆண்டனர். அவ்வழக்கு பின்னர் மறைந்தது. அரசரிடத்து ஆர்வமின்மை என்னும் அரசியல் பொருளே நிலைத்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில், ஆட்சியிலிருக்கும் அரசரிடம் ஊக்கம் குன்றியிருத்தலை அதன் பொருள்களுள் ஒன்றாகத் தந்துள்ளார். குடிகள் அரசரிடம் அன்பு செலுத்தக் கடமைப்பட்டவர்கள் என்னும் கருத்து அச்சொல்லுக்குள் அமைதியாக உறைந்திருந்ததை இது காட்டுகிறது. தம் நாட்டு அரசரைக் குறித்து ஆங்கிலேயர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. கடல் கடந்து வந்து ஆண்ட ஓர் அரசிடமும் இந்திய மக்கள் அவ்வன்பைச் செலுத்தியாக வேண்டும் என்று எதிர்பார்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

சட்டத்திற்குள் நுழைந்த சொல்

மெக்காலே 1837இல் உருவாக்கிய தண்டனைச் சட்ட வரைவில் இதற்கான பிரிவு இடம்பெற்றிருந்தது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது அப்பிரிவு விடுபட்டது. பின்னர், 1870இல் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனின் முயற்சியால் 124-ஏ என்னும் எண்ணுடன் சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசின்மீது 'டிஸ்அஃபெக்ஷன்' உணர்வைத் தூண்டுவதும் தூண்ட முயல்வதும் குற்றம். வாழ்நாள் நாடுகடத்தல்வரை தண்டனை விதிக்கலாம். பேச்சு, எழுத்து, சைகை ஆகிய எவ்வழியால் தூண்டினும் குற்றமே.

இப்பிரிவுக்கு ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டது. அரசின் நடவடிக்கைகளைக் குறித்த 'டிஸ்அப்ரொபேஷன்', அதாவது உடன்பாடின்மை, அரசின் அதிகாரத்திற்குக் கீழ்ப்படியும் மனப்பாங்குடன் பொருந்தியிருக்குமானால் குற்றமாகாது என்றது அவ்விளக்கம். கேட்பதற்கு இது தெளிவாகவே தோன்றும். ஆயினும், 'உங்கள் வரி கொடிது' என்று ஒருவர் கூறினால், அது வரியின்மீது எழுந்த உடன்பாடின்மையா, வரி விதித்தவர்மீது எழுந்த வெறுப்பா என்பதை யார் அளப்பது? குற்றவியல் சட்டங்கள் பொதுவாகச் செயலை அளக்கும். இச்சட்டமோ பேச்சைக் கேட்டவர் மனத்தில் எழக்கூடிய உணர்ச்சியை அளக்க முற்பட்டது.

1891இல் கல்கத்தாவில் 'வங்கவாசி' இதழின்மீது இப்பிரிவின்கீழ் வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி பெத்தரம், அன்புக்கு மாறான உணர்ச்சியே, அதாவது வெறுப்பே 'டிஸ்அஃபெக்ஷன்' என்று பொருள் கூறினார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வாராமையாலும், இதழ் நடத்தியோர் மன்னிப்புக் கோரியமையாலும் அவ்வழக்கு முடிவின்றி நின்றது. சொல்லாராய்ச்சி முழு வீச்சில் நடந்தது 1897இல், பம்பாய் மாகாணத்தில்.

இன்மையும் மறுதலையும்

அவ்வாராய்ச்சியைப் புரிந்துகொள்ளத் தமிழ் மாணவர்க்கு நம் இலக்கணமே கைகொடுக்கும். வடசொற்களின் முன்னே நின்று எதிர்மறை தரும் 'அ' என்னும் எழுத்து இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருள்களில் வரும் என்பர். அரூபம் என்பதில் அது இன்மை; வடிவம் இல்லை என்பதே பொருள். அதர்மம் என்பதில் அது மறுதலை. அறம் இல்லாமையோடு நில்லாது அறத்திற்கு நேர்மாறான தீமையைக் குறிக்கிறது. ஒன்றன்று, வேறொன்று என்று சுட்டுவது அன்மை. முன்னொட்டு ஒன்றே, பொருள் மூன்று. தனித்தமிழ்ச் சொற்களிலும் இத்தகைய வளர்ச்சி உண்டு. 'இன்னா' என்பது இனிமை இல்லாமையை மட்டும் குறித்து நிற்கவில்லை, துன்பத்தையே குறிக்கிறது. திருக்குறளில் 'இன்னா செய்யாமை' என்னும் அதிகாரத் தலைப்பை நினைவுகூர்க.

'டிஸ்அஃபெக்ஷன்' என்பதிலுள்ள 'டிஸ்' எவ்வகையினது? அன்பின் இன்மையா, அன்பின் மறுதலையா?

1897இல் பாலகங்காதர திலகர்மீது, அவருடைய 'கேசரி' இதழில் வெளியானவற்றிற்காக வழக்குத் தொடரப்பட்டது. நீதிபதி ஸ்டிரேச்சி, ஜூரிகளுக்கு அச்சொல்லை விளக்குகையில், அது அன்பு இல்லாமையைக் குறிப்பது என்று தொடங்கினார். வெறுப்பு, பகை, விருப்பமின்மை, இகழ்ச்சி, அரசின்மீது கொள்ளும் எவ்வகைத் தீய எண்ணமும் அதனுள் அடங்கும் என்று விரித்தார். உணர்ச்சியின் அளவு சிறிதாயினும் பெரிதாயினும் குற்றமே என்றும், கலகம் எதுவும் விளையாவிடினும் குற்றமே என்றும் கூறினார். ஜூரிகளுள் அறுவர் குற்றவாளி என்றனர். மூவர் குற்றவாளி அல்லர் என்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

அதே ஆண்டில், சத்தாராவைச் சேர்ந்த 'பிரதோத்' என்னும் இதழின் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடாக வந்தது. அதனைக் கேட்ட நீதிபதிகளுள் ஒருவர் மகாதேவ கோவிந்த ரானடே. சமூகச் சீர்திருத்தத்திற்குப் பெயர்பெற்ற அறிஞர் அவர். 'டிஸ்அஃபெக்ஷன்' என்பது அன்போ நல்லெண்ணமோ வெறுமனே இல்லாதிருத்தல் ஆகாது. ஆட்சியை ஏற்க மறுத்து எதிர்த்து நிற்கும் உடன்பாட்டு வகையான வெறுப்புணர்ச்சியே அது என்று அவர் பொருள் கொண்டார். நம் இலக்கணச் சொற்களில் கூறுவதாயின், ஸ்டிரேச்சி இன்மைப் பொருளிலிருந்து தொடங்கினார். ரானடே மறுதலைப் பொருளைக் கொண்டார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. பகை, நட்பு, நொதுமல் என்று மனிதர்க்கிடையேயான நிலையை மூவகையாகப் பகுப்பது தமிழ் உரையாசிரியர் மரபு. பகைவரும் அல்லாத, நண்பரும் அல்லாத அயலாரே நொதுமலர். அன்பில்லாமையே குற்றம் எனில், நொதுமலர்க்கு அச்சட்டத்தில் இடமில்லை. அரசிடம் அன்பு கொள்ளாதவர் அனைவரும் அதன் பகைவர் ஆகிவிடுவர். அன்பின் மறுதலையே குற்றம் எனில், அன்பும் பகையுமின்றி ஒதுங்கி நிற்கவும், வருந்தவும், குறைகூறவும் குடிமக்களுக்கு இடமுண்டு.

தமிழ் அகத்திணை இதைவிட ஒருபடி மேலே செல்கிறது. ஊடல், புலவி, துனி என்று அன்புடையாரிடையே தோன்றும் மனக்கசப்பை அளந்து பெயரிட்ட மொழி இது. புலவியை உணவில் இடும் உப்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அளவோடு அமைந்தால் சுவை. சிறிது மிகுந்தால் நீட்டித்த குற்றம். அன்பில்லாதவரிடம் எவரும் ஊடுவதில்லை. ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர்ப் பகுதி மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. புறத்திணையிலும் இதற்குச் சான்று உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பி முறையறியாது வரி தொகுத்தபோது, பிசிராந்தையார் அவனிடமே சென்று, வயலுக்குள் தானே புகுந்த யானை உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று எடுத்துரைத்தார். அப்பாடல் புறநானூற்றில் இடம்பெற்று இன்றளவும் பயிலப்படுகிறது. ஸ்டிரேச்சியின் அளவுகோலை அப்புலவர்மீது வைத்துப் பார்த்தால் அவர் நிலை என்னவாகும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

வழக்குகளால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, 1898இல் அரசு 124-ஏ பிரிவைத் திருத்தியது. வெறுப்பும் இகழ்ச்சியும் பெயர் கூறிச் சேர்க்கப்பட்டன. 'டிஸ்அஃபெக்ஷன்' என்பதில் விசுவாசமின்மையும் எல்லாவகைப் பகையுணர்ச்சிகளும் 'அடங்கும்' என்று ஒரு விளக்கம் இணைக்கப்பட்டது. 'அடங்கும்' என்னும் சொல் எல்லை வகுக்காது என்பது வெளிப்படை. இவையும் அடங்கும் எனில், வேறு எவையெல்லாம் அடங்கும் என்னும் வினா அப்படியே நின்றது.

திருநெல்வேலி வழக்கு

மகாராஜபுரம் உள்ளிட்ட திருவில்லிபுத்தூர்ப் பகுதி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதே அது பிரிந்தது. 1985 முதல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில் உள்ளது. எனவே, 1908இல் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது இப்பகுதி மக்களின் சொந்த மாவட்ட வழக்காகும்.

வ.உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். வெள்ளையர் கப்பல் நிறுவனத்தோடு போட்டியிட்டுக் கொழும்புக்குக் கப்பல் விட்டது அந்நிறுவனம். 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். இருவரும் கடற்கரை மணலில் கூட்டம் கூட்டிச் சுதேசியத்தையும் சுயராச்சியத்தையும் பேசினர். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், வ.உ.சி. அவர்களுக்குத் துணைநின்றார். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றுக் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு நீதிபதி பின்ஹே முன்னிலையில் நடந்தது. சிவாவின் சொற்பொழிவுகள் 124-ஏ பிரிவின்படி குற்றமாகக் காட்டப்பட்டன. வ.உ.சி.மீது அவருடைய பேச்சுக்கு ஒரு குற்றச்சாட்டும், சிவாவுக்கு உணவும் உறையுளும் அளித்து அவருடைய குற்றத்திற்கு உடந்தையாக இருந்தமைக்கு மற்றொரு குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டன. விருந்தோம்பல் இங்கே குற்றத்தின் பகுதியாயிற்று.

மொழியால் விளைந்த இடர் ஒன்றும் இவ்வழக்கில் இருந்தது. பேசப்பட்டவை தமிழ்ச் சொற்கள். அவற்றை எடைபோட்ட படிக்கல் ஆங்கிலச் சொல். தமிழ்ப் பேச்சு ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, அப்பெயர்ப்பு எழுப்பும் உணர்ச்சி ஓர் ஆங்கிலேய நீதிபதியால் அளக்கப்பட்டது. கடற்கரை மணலில் அமர்ந்து கேட்டவர் மனத்தில் ஒரு தமிழ்ச்சொல் எழுப்பிய உணர்ச்சியும், அதன் மொழிபெயர்ப்பைத் தாளில் படித்தவர் மனத்தில் எழுந்த உணர்ச்சியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே ஆண்டில் திலகர்மீது மீண்டும் தொடரப்பட்ட வழக்கில், தம் மராத்திக் கட்டுரைகளின் அரசு மொழிபெயர்ப்பு பிழையுடையது என்று அவரே நீண்டநேரம் வாதாடினார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை, ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டு மாண்டலேச் சிறைக்கு அவர் அனுப்பப்பட்டார்.

பின்ஹே 1908 ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரு குற்றங்களுக்கும் தனித்தனியே வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்று இருபதாண்டாகக் கணக்கிடப்பட்டமையால், இரண்டும் சேர்ந்து நாற்பதாண்டு ஆயின. சிவாவுக்குப் பத்தாண்டு. அப்போது வ.உ.சி.க்கு வயது முப்பத்தைந்து. சிவாவுக்கு இருபத்து மூன்று. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. நாற்பது என்பது ஆறாகச் சுருங்கியதைக் காணும்போது, அச்சொல்லின் அளவுகோல் எத்துணை நெகிழ்வானது என்பது விளங்கும். ஒரே பேச்சு, ஒரே சட்டம், ஒரே சொல்; படித்தவர் மட்டுமே வேறு.

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது சுதேசிக் கப்பல் நிறுவனம் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது. சிவா சிறையிலிருந்து தொழுநோயுடன் வெளிவந்தார். தொழுநோயரைத் தொடர்வண்டியில் ஏற்ற அரசு தடைவிதித்தபின் பல ஊர்களுக்கும் அவர் நடந்தே சென்றார் என்பர்.

வ.உ.சி.யின் பிற்கால வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்தில் குறிப்பிடுதல் பொருந்தும். பறிபோன வழக்கறிஞர் உரிமத்தை அவர் மீளப் பெறுவதற்கு வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி உதவினார். அந்நன்றியை மறவாது, தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று வ.உ.சி. பெயரிட்டார். ஆங்கில அரசின்மீது பகையுணர்ச்சி ஊட்டியவர் என்று தண்டிக்கப்பட்டவர் செய்த செயல் இது. ஆட்சிமுறையை வெறுத்தலும் ஆளைப் பகைத்தலும் வெவ்வேறு என்பதைச் சட்டத்தின் விளக்கவுரைகள் தடுமாறித் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெயர்சூட்டலில் அது எளிதாக வெளிப்பட்டது.

அன்பைச் சட்டத்தால் படைத்தல்

1922 மார்ச் 18ஆம் நாள் அகமதாபாத்தில் காந்தியடிகள் இதே பிரிவின்கீழ் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் நின்றார். 'யங் இந்தியா' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளே குற்றப்பொருள். முந்தைய வழக்குகளில் வழக்கறிஞர்கள், 'இப்பேச்சு அச்சொல்லின் பொருளுக்குள் வாராது' என்று வாதிட்டனர். காந்தியடிகள் அவ்வழி செல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ இயலாது. ஒருவரிடமோ ஒரு முறையிடமோ அன்பில்லாதவர், வன்முறையை எண்ணாமலும் தூண்டாமலும் இருக்கும்வரை, அதனை முழுமையாக வெளியிட உரிமை பெற்றிருக்க வேண்டும் என்பது அவருடைய கூற்றின் சாரம். திலகருக்கு முன்பு விதித்த அதே ஆறாண்டையே நீதிபதி இவருக்கும் விதித்தார். சொல்லின் பொருளைப் பற்றிய வாதமாக இருந்ததை, அத்தகைய சொல்லுக்குச் சட்டத்தில் இடமுண்டா என்னும் வாதமாக அவ்வுரை மாற்றியது. காவலர்களிடம் இவ்வுணர்வைத் தூண்டுவதைத் தடுக்கும் தனிச்சட்டம் ஒன்றும் அதே 1922இல் இயற்றப்பட்டது. அதன் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றது.

விடுதலைக்குப்பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். பேச்சுரிமைக்கு விதிக்கத்தகும் கட்டுப்பாடுகளின் வரிசையிலிருந்து இராசநிந்தனை என்பதை அரசியல் நிர்ணய சபை 1948இல் நீக்கியது. எனினும் 124-ஏ பிரிவு தண்டனைச் சட்டத்தில் நீடித்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செல்லும் என்று கூறியபோதும், வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டும் பேச்சையே அது தண்டிக்கலாம் என்று எல்லை வகுத்தது. இன்மை, மறுதலை என்னும் இரண்டையும் கடந்து, செயலின் பக்கம் சொல் இழுத்துவரப்பட்டது. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அப்பிரிவின் செயற்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றிற்கு எதிரான செயல்களைப் பற்றிப் பேசுகிறது. 'டிஸ்அஃபெக்ஷன்' என்னும் சொல் அப்பிரிவில் இல்லை.

தமிழில் எவ்வாறு கூறுவது?

அதிருப்தி என்பது இச்சொல்லுக்கு மெலிந்த பெயர்ப்பு. பரிமாறிய காப்பி ஆறியிருந்தாலும் அதிருப்தியே. வெறுப்பு என்பது நெருங்கி வரினும், முன்பிருந்த பற்றை அது காட்டுவதில்லை. முன்பின் அறியாத ஒருவரையும் வெறுக்க இயலும்.

124-ஏ பிரிவின் குற்றத்தைக் குறிக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசநிந்தனை, இராசத்துரோகம் என்னும் சொற்கள் வழங்கின. நிந்தனை என்பது பேச்சையும், துரோகம் என்பது செயலையும் சுட்டுவன. உள்ளத்து உணர்ச்சியை இரண்டும் சுட்டவில்லை. பிற்காலத்து இதழ்கள் தேசத்துரோகம் என்று எழுதலாயின. இங்கு இரு பிழைகள் நேர்ந்தன. மனநிலை துரோகமாயிற்று, அரசு இருந்த இடத்தில் தேசம் வந்து அமர்ந்தது. சட்டம் குறித்தது சட்டப்படி நிறுவப்பட்ட அரசின்மீது எழும் உணர்வையே. ஆள்வோரைக் குறைகூறுதலும் நாட்டைக் காட்டிக்கொடுத்தலும் ஒரே சொல்லால் சுட்டப்படும்போது, கேட்பவர் மனத்திலும் அவை ஒன்றாகிவிடுகின்றன. அரசைக் கண்டித்துப் பேசியவர் ஒருவர் 'தேசத்துரோக வழக்கில் கைது' என்னும் தலைப்பில் செய்தியாகும்போது, விசாரணைக்கு முன்பே அவருக்கு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

பற்றறுதல் என்பது துறவறச் சாயல் உடையது. ஆதலால் குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே அது பொருந்தாது. மனமுறிவு என்பது பெரிதும் காதலுக்கும் மணவாழ்வுக்கும் உரியதாகிவிட்டது. வரத்துக்காலுக்காக அலைந்து ஓய்ந்த அவ்வுழவரின் பேச்சுமொழியில் உள்ள 'மனம் விட்டுப்போதல்' என்பதில் முன்பிருந்த பற்றும், கழிந்த காலமும், இப்போதுள்ள விலகலும் ஒருங்கே அமைந்துள்ளன. வினையாக்க வேண்டுமாயின் 'மனம் விடச்செய்தல்' எனலாம். அவரை மனம் விடச்செய்தவர் மேடையில் பேசிய ஒருவரா, தூர்ந்த கால்வாயைத் தூர்வாராது விட்டவரா என்னும் வினாவும் அவ்வினைக்கு எழுவாய் தேடும்போது எழுகிறது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெழுவாயின் இடத்தில் பேச்சாளரை மட்டுமே வைத்தது.